குளிருக்கு ஒரு பட்டை மணம்: முதல் பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி

குளிர் தொடங்கியதும் பெர்ஃப்யூம் பட்டியல்களில் இலவங்கப்பட்டை முன்வரிசைக்கு வந்துவிடும். கதகதப்பு, காரம், இனிப்பு என்று எல்லா பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒரே வர்ணனைதான். முகர்ந்து பார்த்தால் ஒன்று கேக் அடுப்பிலிருந்து இறங்கியது போலவும், இன்னொன்று பழைய மர அலமாரியைத் திறந்தது போலவும், மூன்றாவது முகச்சவரம் முடித்த கன்னம் போலவும் இருக்கும். எல்லாவற்றின் மேலும் எழுதியிருப்பது "பட்டை". புதிதாக வாங்க வருகிறவர் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை.

ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். பெர்ஃப்யூமில் பட்டை சேர்வது கொஞ்சம்தான். அது துலக்கமாகத் தெரிவதும் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு மாலைவரை உங்கள் சட்டையிலும் கழுத்திலும் தங்கப்போவது பட்டைக்கு அடியில் வைத்த வெண்ணிலா, புகையிலை, சந்தனம், கஸ்தூரி போன்ற ஏதோ ஒன்று. ஆகவே எந்தப் பட்டை நல்லது என்று தேடுவதைவிட, பட்டைக்கு அடியில் எது இருந்தால் நாள் முழுக்க என்னால் சகிக்க முடியும் என்று தேடுவதுதான் கெட்டிக்காரத்தனம். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை காணத்தான்.

படி 1: பட்டையை மட்டும் தனியே முகர்ந்து பழகுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை இது. ஒரு பட்டைத் துண்டை எடுத்து உடைத்து, உடைந்த இடத்தை விரலால் தேய்த்து முகருங்கள். சிலோன் பட்டை, கேசியா என்று இரண்டு வகை இருக்கின்றன. சிலோன் பட்டை காகிதம்போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், கையாலேயே நொறுக்கிவிடலாம். கேசியா தடித்த ஒற்றைச் சுருள், உடைப்பதற்கே சிரமம். இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால், முன்னது மென்மையாகவும் லேசான பூவாடையோடும் இருப்பதும், பின்னது முரட்டுக் காரமாக மூக்கில் ஏறுவதும் தெரியும். பெர்ஃப்யூம் செய்கிறவர்கள் இந்த இரண்டு குணத்தில் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு கலவை கட்டுவார்கள்.

எண்ணெயாக வடிக்கும்போது இன்னொரு பிரிவும் உண்டு. மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் பெரும்பங்கு சின்னமால்டிஹைட். 1834இல் டூமா, பெலிகோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் பிரித்தெடுத்த பொருள் இது. பட்டை என்று நம் மூக்கு அடையாளம் காண்பது இதைத்தான். சிலோன் பட்டை மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெயிலோ யூஜினால்தான் மிகுதி. கிராம்புக்கு அந்த மணத்தைத் தருவதும் யூஜினால்தான். "பட்டை" என்று விளம்பரப்படுத்திய ஒரு பெர்ஃப்யூம் உங்களுக்குக் கிராம்புபோல, பல் மருத்துவரின் அறைபோலத் தோன்றினால் மூக்கில் கோளாறு இல்லை. கலவையில் யூஜினால் பக்கம் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாடை பிடிக்காதவர்கள் மணக்குறிப்பில் (ஒரு பெர்ஃப்யூமில் என்னென்ன மணங்கள் என்று தரும் பட்டியலில்) கிராம்பும், கிராம்புபோல மணக்கும் கார்னேஷன் பூவும் சேர்ந்து வருகிற பெர்ஃப்யூம்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

போகிற போக்கில் ஒரு விஷயம். பட்டையின் காரம் முழுக்க மணம் இல்லை. அதில் ஒரு பகுதி நரம்பைத் தொடும் எரிவு. சின்னமால்டிஹைட் தூண்டுவது டிஆர்பிஏ1 என்ற உணர்வாங்கியை. மிளகாய் தூண்டுவது டிஆர்பிவி1, அது வேறு. வேடிக்கை என்னவென்றால், 2003இல் டிஆர்பிஏ1 பற்றி அறிவியலாளர்கள் எழுதியபோது, வலிக்கும் அளவுக்கான குளிரை உணரும் வாங்கியாகத்தான் அதை முன்வைத்தார்கள். பட்டை பூசினால் உடம்பு சூடாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கதகதப்பு என்று நாம் சொல்வது, இனிப்பான அடி மணங்களோடு சேர்ந்து பட்டை மனதில் எழுப்பும் உணர்வு.

படி 2: அடியில் இருப்பதைப் பார்த்துக் குடும்பம் பிரியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஒரு பெர்ஃப்யூமின் மணக்குறிப்பில் பட்டை எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். கடைசி வரியைப் படியுங்கள். அடி மணம் என்று போட்டிருப்பதுதான் உங்களோடு குடும்பம் நடத்தப்போவது.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஒரே வீட்டிலிருந்து ஓர் உதாரணம். 1990இல் ஷனேல் நிறுவனத்துக்காக ஜாக் போல்ஜ் செய்த ஈகோயிஸ்ட் பெர்ஃப்யூமில் பட்டைக்கு அடியில் சந்தனம். கொத்தமல்லி விதை, ரோஜா, கொஞ்சம் வெண்ணிலா எல்லாம் உண்டு, ஆனால் மேடையைப் பிடித்திருப்பது சந்தனம். பட்டை அதற்கு ஒரு செம்பழுப்பு மினுக்குத் தருகிறது. அவருடைய மகன் ஒலிவியே போல்ஜ் 2012இல் விக்டர் & ரோல்ஃப் நிறுவனத்துக்காக ஸ்பைஸ்பாம் செய்தார். அதிலும் பட்டைதான், கூடவே இளஞ்சிவப்பு மிளகும் குங்குமப்பூவும். அடியில் புகையிலையும் லெதரும் (பதனிட்ட தோலின் மணம்). தகப்பனாரின் பெர்ஃப்யூம் வறண்டு, நிமிர்ந்து, வயது முதிர்ந்த ஒருவரின் நிதானத்தோடு நிற்கிறது. மகனுடையது இனித்து, தடித்து, அறைக்குள் நுழையும்போதே கதவைத் தட்டுகிறது. இரண்டையும் இரண்டு மணிக்கட்டில் ஒருமுறை அடித்துப் பார்த்தால், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அரை நாளில் விளங்கிவிடும்.

இனி குடும்பங்கள். இவற்றை இறுக்கமான பெட்டிகளாக நினைக்க வேண்டாம். பல பெர்ஃப்யூம்கள் இரண்டு குடும்பத்திலும் காலை வைத்திருக்கும்.

வெண்ணிலா, பிரலின் (சர்க்கரைப்பாகில் வறுத்த பருப்பு மிட்டாய்), டோங்கா (வெண்ணிலாவை நினைவூட்டும் ஒரு விதை). இன்று பட்டை பெர்ஃப்யூம் என்றதும் எல்லோரும் பேசுவது இந்த வகையைத்தான். கிலியான் நிறுவனத்தின் ஏஞ்சல்ஸ் ஷேர் (2020) கோன்யாக் பிராந்தி, பட்டை, டோங்கா, ஓக் மரம், பிரலின் என்று அடுக்கியது. லத்தாஃபாவின் கம்ரா (2022) பட்டை, சாதிக்காய், பேரீச்சம்பழம், பிரலின், வெண்ணிலா என்று அதே திசையில் இன்னும் இனிப்பாகப் போனது. குளிர் நன்றாக இறங்கிய மாலையில் இவை அருமை. ஆனால் மூடிய, சூடேற்றிய அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் உங்களுக்கே திகட்டும், பக்கத்தில் இருப்பவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். இனிப்பு மணங்கள் அவ்வளவாகப் பிடிக்காதவர், "எல்லோரும் புகழ்கிறார்கள்" என்பதற்காக இங்கே தொடங்க வேண்டாம்.

புகையிலை, தேன். இங்கே புகையிலை என்றால் சிகரெட் புகை நாற்றம் இல்லை. பதப்படுத்திய இலையின், உலர்ந்த பழமும் வைக்கோலும் கலந்த மணம். ஸ்பைஸ்பாம் இந்தப் பக்கம்தான். இதிலேயே மென்மையானது ஹெர்மேஸ் நிறுவனத்துக்காக ழான்-குளோத் எலேனா 2004இல் செய்த ஆம்ப்ர் நார்கிலே. தேன், ரம், புகையிலை, பட்டை எல்லாம் இருந்தும், சுட்ட ஆப்பிளின் நினைவுதான் பலருக்கு முதலில் வரும். இத்தனை கனமான பொருள்களை வைத்துக்கொண்டு எடையே தெரியாமல் செய்திருக்கிறார். வாங்காவிட்டாலும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், இனிப்பு என்பது கனமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் போய்விடும்.

அம்பர், பிசின்கள். அம்பர் என்றால் இங்கே பிசினும் வெண்ணிலாவும் கலந்த இனிப்பு மணம். பிசின்கள் என்றால் சாம்பிராணி, லாப்டனம், வெள்ளைப்போளம். 1977இல் வந்த இவ் சான் லோரான் ஓபியம், 1978இல் வந்த எஸ்டே லாடர் சின்னபார் ஆகிய இரண்டும் இந்த வகைக்குத் தலைவர்கள். பட்டை, கிராம்பு, கார்னேஷன் மேலே, பிசின்கள் கீழே. அடர்த்தியும் கம்பீரமும் உள்ளவை. புதியவர்களுக்கு முதல் முகர்தலில் "பழைய காலத்து வாசனை" என்று தோன்றக்கூடும். அப்படித் தோன்றினால் உடனே கைவிடாமல் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அடங்கிய பிறகு இவை வேறு ஆளாக மாறிவிடும்.

கஸ்தூரி. பிரடெரிக் மால் நிறுவனத்துக்காக மோரிஸ் ரூசெல் செய்த முஸ்க் ராவஜேர் (2000) இதற்கு நல்ல உதாரணம். பெர்கமோட்டும் லாவெண்டரும் சட்டென்று வந்து போகும். பிறகு பட்டையும் கிராம்பும். அதற்குப் பிறகு வெண்ணிலாவும் கஸ்தூரியுமாகத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தூரத்தில் நிற்பவரைவிட அணைத்துக்கொள்பவருக்கான மணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

லாவெண்டர், புதினா. முடிதிருத்தகத்தின் சுத்தமும் பட்டையின் சூடும் ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்கு. ஃபிரான்சிஸ் குர்க்ஜான் செய்த ழான் பால் கோத்தியே லு மால் (1995) இந்த வகை. பாக்கோ ரபான் 1 மில்லியன் (2008) பெர்ஃப்யூமிலும் புதினாவும் பட்டையும் உண்டு, ஆனால் அதன் போக்கு அம்பரும் லெதரும் கலந்த இனிப்பு. இந்த இரண்டையும் அடித்துக்கொண்டு திரிந்தவர்கள் உலகம் முழுக்க ஏராளம். தனித்துத் தெரிய வேண்டும் என்று வாங்குகிறவருக்கு இவை ஏமாற்றம் தரும். நன்றாக மணக்க வேண்டும், அவ்வளவுதான் என்பவருக்கு ஒரு குறையும் இல்லை.

வறண்ட மசாலா. இனிப்பே வேண்டாம் என்பவர்கள் நேரே இங்கே வரலாம். டிப்டிக் நிறுவனத்தின் முதல் வாசனையான லோ (1968), 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மணக்கலவைக் குறிப்பு ஒன்றைத் தழுவியது. பட்டை, கிராம்பு, ரோஜா, ஜெரேனியம், சந்தனம், அவ்வளவுதான். வெண்ணிலாத் தலையணை எதுவும் இல்லாமல் பட்டை அப்படியே நிற்கும். எனக்கு இந்த வகைதான் நெருக்கம். ஆனால் முதல் பாட்டிலாக இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். பழகாத மூக்குக்கு இது பெர்ஃப்யூமாகவே படாமல் போகலாம்.

இந்த ஆறில் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்துகொள்ளுங்கள். எது என்று தெரியவில்லையா? நீங்கள் ஏற்கெனவே விரும்பி அணியும் ஒரு பெர்ஃப்யூமின் அடி மணம் என்ன என்று பாருங்கள். சந்தனம் பிடித்தவருக்குச் சந்தனத்தின் மேல் வைத்த பட்டை பிடிக்க வாய்ப்பு அதிகம்.

படி 3: குளிர் என்றால் எந்தக் குளிர்?

மணம் நம்மை எட்டுவது ஆவியாகித்தான். வெப்பம் குறைந்தால் ஆவியாவதும் குறையும். எலுமிச்சை, ஆரஞ்சு மணங்களின் லிமோனின் 176 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. சின்னமால்டிஹைட் சுமார் 250 டிகிரியில். வெண்ணிலாவுக்கு மணம் தரும் வெண்ணிலின் 285 டிகிரியில். தோலின் சூட்டில் இவை எதுவும் கொதிப்பதில்லை என்றாலும், எது சீக்கிரம் பறக்கும், எது ஒட்டிக்கொண்டு மெதுவாக வரும் என்பதை இந்த எண்களே காட்டிக்கொடுக்கும். கோடையில் மூச்சு முட்டவைக்கும் வெண்ணிலாவும் பிசினும் குளிரில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்வதால்தான் அழகாக இருக்கின்றன. எலுமிச்சை மணங்கள் குளிரில் மெலிந்து காணாமல் போவதும் இதே கணக்கில்தான்.

ஆனால் நடைமுறையில் யாரும் நாள் முழுக்கக் குளிரில் நிற்பதில்லை. வெளியே பத்து நிமிடம் நடப்போம், உள்ளே சூடேற்றிய அறையில் எட்டு மணி நேரம் இருப்போம். கோட்டுக்கு அடியில் அடங்கிக் கிடந்த பெர்ஃப்யூம், கோட்டைக் கழற்றியதும் ஒரேயடியாக எழும். வெளியே மணமே இல்லையே என்று மேலும் இரண்டு ஸ்ப்ரே அடித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆகவே உங்கள் நாளை நேர்மையாகப் பாருங்கள். பெரும்பகுதி வெளியில் வேலை என்றால் அம்பர், புகையிலை, பிரலின் எல்லாம் தாங்கும். அலுவலகம், வகுப்பறை, பேருந்து என்றால் சந்தனமோ கஸ்தூரியோ அடியில் உள்ளதை எடுங்கள்.

அறையையே நிரப்புகிறது, மறுநாளும் போகவில்லை என்று சில பெர்ஃப்யூம்களைப் பாராட்டுவார்கள். அதை ஒரு எச்சரிக்கையாகவும் படிக்கலாம். லிஃப்டில் உங்களோடு ஏறுகிறவர்கள் அந்த மணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களை அது உண்மையாகவே படுத்திவிடும்.

படி 4: சோதிக்கும்போது அவசரப்படாதீர்கள்

கடையில் முதலில் காகிதப் பட்டையில் அடித்து முகருங்கள். ஆறேழு பெர்ஃப்யூம்களை இப்படிச் சலித்து, பிடிக்காதவற்றைத் தள்ளலாம். காகிதம் அதற்குத்தான். அதில் மணக்கும் விதத்தை நம்பி வாங்கக் கூடாது. காகிதத்தில் தோலின் சூடும் இல்லை, எண்ணெய்ப் பசையும் இல்லை.

மிஞ்சியவற்றில் இரண்டை மட்டும் தோலில் அடியுங்கள், ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒன்று. மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் முழங்கை உள்பக்கம். அதற்குமேல் போனால் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாம் கலந்துவிடும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள், இரண்டு பெர்ஃப்யூமும் சேர்ந்துவிடும். காபிக்கொட்டைக் கிண்ணம் வைத்திருந்தால் அதை விட்டுவிடலாம். கொஞ்ச நேரம் வெறும் காற்றை இழுப்பதும், உங்கள் சட்டைக் கையையே முகர்வதும் அதே வேலையைச் செய்யும்.

அடித்தவுடன் முகராதீர்கள். முதலில் எழுவது ஆல்கஹால். அது போனபின் ஒருமுறை, சுமார் பத்து நிமிடம் கழித்து முகருங்கள். பட்டை உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் அப்போதுதான், "ஆகா" என்று தோன்றி, பணப்பையை எடுக்கத் தோன்றும் நேரமும் அதுதான். எடுக்காதீர்கள். கடையைவிட்டு வெளியே வாருங்கள். குளிரில் நடங்கள். ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். பட்டை பின்வாங்கி அடி மணம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும். நான்கு மணி நேரம் கழித்து, சூடான அறைக்குள் வந்து, மறுபடி. இப்போது மணிக்கட்டில் இருப்பதுதான் நீங்கள் விலை கொடுத்து வாங்கப்போகும் பொருள். பட்டை அங்கே அநேகமாக ஒரு நிழலாகத்தான் இருக்கும். இந்த நான்காம் மணி மணம் பிடித்திருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள்.

இடையில் மணமே தெரியாமல் போனால் பெர்ஃப்யூம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தொடர்ந்து இருக்கும் மணத்தை மூக்கு ஒதுக்கிவிடும். அது அதன் இயல்பு. கூட இருப்பவரிடம் கேளுங்கள். அல்லது வெளியே போய்விட்டு வந்து முகருங்கள்.

முடிந்தால் 2 மில்லி சாம்பிளோ, 5 மில்லிக்குப் பிரித்து விற்கும் டீகான்ட்டோ வாங்கி ஒரு வாரம் அணிந்து பாருங்கள். ஒரு நாள் அணிந்தால் பெர்ஃப்யூம் தெரியும். ஒரு வாரம் அணிந்தால் அதோடு ஒத்துப்போகுமா என்று தெரியும். முக்கியமாக இனிப்பு வகைகளில் முதல் நாள் மயக்கம் மூன்றாம் நாளில் தெளிந்துவிடுவது சகஜம்.

படி 5: தோலுக்கு ஒத்துவருமா?

மற்ற வாசனைகளுக்கு இந்தப் படியைக் கடந்து போகலாம், பட்டைக்கு முடியாது. சின்னமால்டிஹைட் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் என்று நன்றாக நிறுவப்பட்டது. அதனால் சர்வதேச வாசனைப்பொருள் சங்கமான இஃப்ரா, பெர்ஃப்யூமில் அதன் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பட்டை பெர்ஃப்யூமில் பட்டை குறைவாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மீதிப் பட்டை உணர்வை மற்ற மசாலாக்களையும் பிசின்களையும் வைத்து ஒப்பேற்றுகிறார்கள். பல வருடங்களுக்கு முந்தைய விமர்சனத்தில் "நாக்கில் எரியும் பட்டை" என்று படித்துவிட்டு இன்றைய பாட்டிலை வாங்கினால் சாதுவாக இருப்பதும் உண்டு. வரம்புகள் மாறமாற, பழைய பெர்ஃப்யூம்களின் கலவையும் திருத்தப்படுகிறது. ஆகவே விமர்சனம் படிக்கும்போது அது எந்த வருடத்தியது என்று பாருங்கள்.

பெட்டியின் அடியிலோ பின்புறத்திலோ பொடி எழுத்தில் பொருள்பட்டியல் இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, தோலில் தங்கும் பொருள்களில் 0.001 சதவீதத்துக்குமேல் இருந்தால் குறிப்பிட்ட ஒவ்வாமைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும். அதில் சின்னமால் என்று இருந்தால் அதுதான் சின்னமால்டிஹைட். சின்னமைல் ஆல்கஹால், யூஜினால், ஐசோயூஜினால், கூமரின் ஆகியவையும் பட்டை வகைப் பெர்ஃப்யூம்களில் அடிக்கடி தென்படும். இந்தப் பெயர்கள் இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆகாது. ஆனால் பட்டை சுவையுள்ள பற்பசையால் உதடு எரிந்தவர்கள், பெரு பால்சம் என்ற மரப்பிசின் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொன்னவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பெரு பால்சம் ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்குப் பட்டை, கிராம்பு, வெண்ணிலாவும் ஒத்துக்கொள்வதில்லை.

முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். ஒவ்வாமைச் சிவப்பு உடனே வராமல் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரக்கூடும். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பெர்ஃப்யூமைத் தோலுக்கு வேண்டாம் என்று விடுங்கள்.

கூடவே ஒரு கண்டிப்பு: பட்டை எண்ணெயை வாங்கி நீங்களாகக் கலந்து கழுத்தில் தடவாதீர்கள். இயற்கை என்று சீட்டு ஒட்டியிருப்பதால் அது சாது ஆகிவிடாது. கலக்காத பட்டை எண்ணெய் தோலைச் சுட்டுவிடும்.

படி 6: செறிவும் பெயருக்குப் பின்னால் வரும் சொல்லும்

ஓ டி டாய்லெட் என்றால் வாசனைப்பொருள் சுமார் 5 முதல் 15 சதவீதம், ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20, பர்ஃபம் என்றால் அதற்குமேல் என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டம் கட்டாயப்படுத்திய அளவு அல்ல, வழக்கம்தான். அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே பெயரில் வரும் இரண்டு செறிவுகள் பெரும்பாலும் ஒரே கலவையின் நீர்த்த, கெட்டியான வடிவங்கள் இல்லை. வேறு வேறு கலவைகள். இன்டென்ஸ், எக்ஸ்ட்ரீம், எலிக்சிர் என்று வால் சேர்ந்தால் வழக்கமாக வெண்ணிலாவும் அம்பரும் கூடும், பட்டையும் மிளகும் பின்னால் தள்ளப்படும். ஸ்பைஸ்பாமோடு 2015இல் வந்த ஸ்பைஸ்பாம் எக்ஸ்ட்ரீமை ஒப்பிட்டால் இது தெரியும். பின்னது புகையிலையும் வெண்ணிலாவும்தான், காரம் ஓரமாக நிற்கிறது. பட்டையின் காரத்துக்காக வருகிறவர் எளிய பெயர் உள்ளதையே முதலில் முகர வேண்டும்.

படி 7: எங்கே, எத்தனை

சட்டைக்கு அடியில், மார்பில் ஒன்று, கழுத்தின் பின்புறம் ஒன்று. இனிப்பு வகைகளுக்கும் அம்பருக்கும் இதற்குமேல் தேவைப்படாது. கஸ்தூரி, சந்தனம் உள்ளவற்றுக்கு மூன்று, நான்கு வரை போகலாம். குளிரில் தோல் வறண்டிருக்கும், வறண்ட தோலில் மணம் சீக்கிரம் போய்விடும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை முதலில் தடவிவிட்டு அடித்தால் நின்று வரும். வெளியே கிளம்புவதற்குச் சற்று முன்பே அடித்துவிடுங்கள். வாசலில் நின்று கோட்டின்மேல் அடிப்பது வீண்.

மஃப்ளரிலோ கம்பளிச் சட்டையிலோ அடிக்கலாமா என்று கேட்பார்கள். கம்பளி மணத்தை நாள்கணக்கில் பிடித்துவைக்கும், ஆகவே அடுத்த நாள் வேறு பெர்ஃப்யூம் அடித்தால் இரண்டும் மோதும். இன்னொரு சங்கடம், வெண்ணிலின் அதிகமுள்ள பெர்ஃப்யூம்கள் வெளிர் துணியில் மஞ்சள், பழுப்புக் கறையாக நின்றுவிடும். வெள்ளைச் சட்டைக் காலரை விட்டுவிடுங்கள். கருநிற உள்துணியில் அடிக்கலாம்.

படி 8: எவ்வளவு வாங்குவது, எங்கே வைப்பது

100 மில்லி பாட்டிலில் ஒரு மில்லிக்குக் கிட்டத்தட்ட பத்து ஸ்ப்ரே என்று கணக்கு வைத்தால் மொத்தம் ஆயிரம். நாளுக்கு மூன்று அடித்தாலும் முந்நூறு நாளுக்குமேல் வரும். குளிர்மாதங்களில் மட்டும் அணிகிற ஒன்றுக்கு அது மூன்று நான்கு வருடச் சரக்கு. 30 மில்லியே முதல் பாட்டிலுக்குத் தாராளம். மீதிப் பணத்தில் வேறு குடும்பத்திலிருந்து இரண்டு டீகான்ட் வாங்கலாம்.

குளியலறையில் வைக்காதீர்கள். அங்கே சூடும் ஈரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஜன்னலோரமும் வேண்டாம். பெட்டியோடு அலமாரிக்குள், வெளிச்சம் படாமல் இருந்தால் போதும். வெண்ணிலா அடியுள்ளவை ஓரிரு வருடத்தில் தேன் நிறத்திலிருந்து கருத்துவிடும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. அடித்துப் பாருங்கள், புளித்த வாடையோ வினிகர்போன்ற நெடியோ வந்து, சில நிமிடத்தில் அடங்காமல் நின்றால்தான் அதன் காலம் முடிந்தது.